இடுப்பு வலிக்கு உழிச்சல்: இரண்டரை வருஷமாகியும் தீராத பலகைச் சண்டை

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் போன் செய்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். "அக்கா, ஒனக்கு எண்ணெய் போட வந்த அந்த அம்மா நம்பர் இருக்கா? ராத்திரி பொரளவே முடியல்ல" என்றாள். புரள முடியவில்லை என்ற ஒரு சொல்லே போதும், எனக்கு எல்லாம் திரும்ப வந்துவிட்டது. உழிச்சல், அதாவது எண்ணெய் போட்டு அமுக்கிவிடுகிற அந்த அம்மாவின் நம்பரை உடனே அனுப்பியிருக்கலாம். "நாளைக்கு எழுதி அனுப்புதேன்" என்று வைத்துவிட்டேன். அப்படித் தொடங்கியதுதான் இது. அவளுக்கு மட்டும் அனுப்பினால் சித்தியும் என் அம்மாவும் சேர்ந்து படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கர்ப்பத்தில் வருகிற இந்த இடுப்பெலும்பு வலி என்ன, பெயர் என்ன என்று விளக்கப் போவதில்லை. ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவர் வரை வரும் என்கிறார்கள். வந்தவளுக்கு விளக்கம் தேவைப்படாது. எனக்கு 24ஆம் வாரத்தில் ஆரம்பித்தது. முன்னால் நடு எலும்பில் ஒன்று, பின்னால் வலப்பக்கம் குழி விழுகிற இடத்தில் ஒன்று. தட்டையான தரையில் எப்படியோ நடந்துவிடுவேன். கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் பஸ் ஏற ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தால், இடுப்பின் இரண்டு பாதியையும் யாரோ எதிரெதிரே இழுக்கிறார்கள் என்று தோன்றும். பாவாடை கட்ட ஒற்றைக் காலில் நிற்க முடியாது. ராத்திரி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் திரும்ப, மூச்சைப் பிடித்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து, கணவரையும் எழுப்பி, ஒரு பெரிய ஏற்பாடு.

மாமியார் "பிள்ள எறங்குது, அதான்" என்றார். டாக்டர் "பிரசவம் ஆனா போயிடும்" என்றார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, இரண்டாலும் பஸ் ஏற முடியவில்லை.

முதலில் போனது ஒரு ஆயுர்வேத நிலையத்துக்கு. பெயர் வேண்டாம். வாசலில் உருளி, உள்ளே குத்துவிளக்கு, 45 நிமிஷத்துக்கு 1500 ரூபாய். அந்தப் பெண்பிள்ளை என்னை மல்லாக்கப் படுக்க வைத்தாள். பத்து நிமிஷத்தில் தலை சுற்றிக் கண் இருட்டியது. வயிற்றுப் பாரம் முதுகை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அமுக்கும், அந்த மாதத்தில் வெகுநேரம் மல்லாந்து கிடக்கக் கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இதையே தொழிலாக வைத்திருக்கிறவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் இடப்பக்கம் சாய்த்தாள். தலை, கை, பாதம் எல்லாம் பதமாகத் தடவினாள், தூக்கம்கூட வந்தது. இடுப்புக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. மூன்று முறைக்கு முன்பணம் கட்டியிருந்தேன். இனி வரவில்லை என்றதும் மிச்சப் பணத்தை முணுமுணுக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

நம்ம ஊரில் இடுப்பு வலி என்று வாய் திறந்தால் அடுத்த வார்த்தை ஆசான்தான், அதாவது வர்ம வைத்தியர். வர்மம் பிறந்த மண் என்று பெருமை பேசுகிற ஊர் இல்லையா. அப்பா தனக்குத் தெரிந்த ஓர் ஆசானிடம் போனில் கேட்டார். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "மாசமா இருக்கிய பிள்ள மேல நான் கை வைக்கமாட்டேன், பெத்து எழும்பட்டும்." 108 வர்மப் புள்ளி தெரிந்தவர் எதைத் தொடக் கூடாது என்றும் தெரிந்து வைத்திருக்கிறார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை அன்றைக்கு வந்தது.

அதன்பிறகு வந்தவர்தான் சித்தி மகள் கேட்கிற அந்த அம்மா. அறுபது தாண்டியவர். அவருடைய அம்மா வீட்டுக்கு வீடு போய்ப் பேறு பார்த்த வயற்றாட்டி. இவர் பேறு பார்ப்பதில்லை. எண்ணெய், குளிப்பாட்டு, மருந்து கிண்டுவது, அவ்வளவுதான். வந்ததும் என்னை நடக்கச் சொன்னார், கட்டிலில் உட்காரச் சொன்னார், எழும்பச் சொன்னார். "எங்க நோவுது மக்களே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். அதுவரை கேட்ட யாரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, முழங்கால் முட்டுகளுக்கு இடையில் இரண்டு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த ஒரு துணி. பிருஷ்டத்துச் சதையில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து மெல்ல அமுக்கி அப்படியே நிறுத்துவார். தேய்க்க மாட்டார். "மூச்ச விடு மக்களே, பிடிச்சு வைக்காத" என்பார். நான் மூச்சு விட்டதும்தான் கை நகரும். பிறகு நடு இடுப்பெலும்பின் இரண்டு ஓரம், தொடையின் வெளிப்பக்கம். வயிற்றில் கை படாது. கெண்டைக்காலை அமுக்கவே மாட்டார். ஒருநாள் என் ஒரு கால் மட்டும் வீங்கியிருந்ததைப் பார்த்து, எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு "இது எனக்க வேல இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று எழுந்துவிட்டார். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. இருந்தாலும், கர்ப்ப காலத்தில் அப்படி உறைய வாய்ப்பு அதிகம், அந்த நேரத்தில் அமுக்கியிருந்தால் ஆபத்து என்று டாக்டரே சொன்னார். அன்றைய கூலியை அந்த அம்மா வாங்கவில்லை.

இன்னொன்று. அப்பா முட்டுக்குப் போடும் கற்பூராதித் தைலத்தை நான் எடுத்துக் கொடுத்தேன், சுள்ளென்று இருக்குமே என்று. பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். கற்பூரம் தோல் வழியாக உடம்புக்குள் போகும், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய் போதும் என்றார். தன்வந்தரம் குழம்பு என்கிற மருந்தெண்ணெய் பிரசவத்துக்குப் பிறகுதான்.

பலன்? முதல் ராத்திரி யாரையும் எழுப்பாமல் புரண்டேன். புரண்டுவிட்டேன் என்ற சந்தோஷத்தில் தூக்கம் போய்விட்டது, அது வேறு கதை. இரண்டாம் ராத்திரியும் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ் படியில் பழைய வலி அப்படியே. அடுத்த முறையும் இதே கணக்கு, அதற்கடுத்த முறையும். கர்ப்ப காலத்தில் ஒன்பது முறை வந்தார், முறைக்கு 600 ரூபாய். 5400 ரூபாய்க்கு 18 ராத்திரி வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலியைக் குணமாக்கியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த 18 ராத்திரி வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்க வேண்டாம்.

பகலுக்கு வழி காட்டியது நாகர்கோவிலில் ஒரு பிசியோதெரபிஸ்ட். மல்லாக்கப் படுத்து ஒரு காலை மடக்காமல் தூக்கச் சொன்னார். சாக்கில் நெல் கட்டிவைத்தது மாதிரி கால் எழும்பவில்லை. பிறகு தன் இரண்டு கையாலும் என் இடுப்பை இருபுறமும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இப்போது தூக்குங்கள் என்றார். கால் லேசாக எழும்பியது. எனக்கு அழுகையே வந்தது. இடுப்பைச் சேர்த்துப் பிடிக்க ஆள் வேண்டும், அந்த ஆள்தான் இடுப்பு பெல்ட், மிச்சத்தை நாளாக நாளாக உங்கள் சதையே பிடிக்கும் என்றார். முட்டுகளை ஒட்டி வைத்துப் புரள்வது, உட்கார்ந்தே பாவாடை கட்டுவது, படியில் ஒவ்வொன்றாக இரண்டு காலும் வைத்து ஏறுவது, முட்டுகளுக்கு இடையில் தலையணையை வைத்து மெல்ல நெருக்குவது. கேட்க அற்பமாக இருக்கும். கருங்கல் பஸ்ஸில் என்னை ஏற்றியது அதுதான்.

இடையில் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து பத்மநாபபுரம் அரண்மனைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த மரப்படிகளின் செங்குத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே மூலிகை மரங்களால் செய்த ராஜாவின் கட்டில் இருக்கிறது, பார்க்காமல் விட்டாயே என்றார்கள். அதில் புரள்வதற்குச் சட்டம் பிடிக்க வசதி உண்டா என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிரசவம் சுகப்பிரசவம். எவ்வளவு அகலம் வரை வலியில்லாமல் முட்டு விரியும் என்று முன்பே இஞ்ச் டேப்பில் அளந்து எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நர்ஸ் முதலில் முறைத்தார், பிறகு அதைப் பார்த்துத்தான் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.

இனி பலகைக்கு வருகிறேன். இவ்வளவும் எழுதியது இதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் பேறுகாலக் குளிப்பாட்டு 28 நாள். காலையில் தன்வந்தரம் குழம்பு போட்டு உழிச்சல், அரை மணி நேரம் ஊறவிட்டு, நால்பாமரப் பட்டை (ஆல், அரசு, அத்தி, இத்தி) போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர். அந்த நீரைச் செம்பில் மொண்டு இடுப்பில் ஓங்கி வீசி ஊற்றுவார்கள். அந்தச் சுகத்தை எழுத எனக்குத் தெரியாது. ஆனால் அதை வாங்குவதற்கு உட்கார வேண்டிய இடம் பலகை. தரையிலிருந்து நாலு விரல் உயரம். முட்டு இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து அகன்று நிற்கும். என் முன்னெலும்புக்கு உலகத்திலேயே ஆகாத நிலை எது என்று கேட்டால் அதுதான். முக்கால் மணி நேரம் அந்த அம்மா கையால் இளக்கிய இடுப்பைப் பத்தே நிமிஷத்தில் பலகை பழையபடி ஆக்கிவிடும். தையல் வேறு. எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும்.

"நாற்காலி போடுங்க" என்றேன். என் அம்மா, "பலகையில இருந்தாத்தான் இடுப்பு கூடும். நான் மூணு பெத்தவ" என்றார். நானும் பெற்றவள்தான் என்றால், ஒன்று பெற்றவளுக்கு வாயைப் பார் என்றார். பத்து நாள் இது நடந்தது. பத்து நாளும் காலையில் சுகம், மத்தியானம் அழுகை. பதினொன்றாம் நாள் அந்த அம்மாதான், ஒரு வார்த்தையும் பேசாமல், திண்ணையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக் குளியலறைக்குள் போட்டார். எண்ணெய்த் தரையில் அது வழுக்கியது. காலுக்கு அடியில் பழைய சாக்கை விரித்தார். அன்றைக்கு மத்தியானம் நான் அழவில்லை. அம்மா இன்றுவரை தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நாற்காலியை மட்டும் குளியலறையிலிருந்து எடுக்க விடுவதில்லை, தனக்கும் இப்போது முட்டு வலி.

நான் எதிர்பாராத நல்லது ஒன்றும் நடந்தது. பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள் இல்லையா, அதையும் நான் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு அவிழ்த்து, நாலு விரல் கீழே இறக்கி, தொடை எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தைச் சுற்றிக் கட்டினார். 850 ரூபாய் பெல்ட் செய்த வேலையை அந்தக் கிழிசல் வேட்டி செய்தது. கட்டுகிற வழக்கத்தில் குறையில்லை, உயரத்தில்தான் குறை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது "நான் அப்பவே சொன்னேன்லா" என்றார். சொல்லவில்லை.

28 நாளைக்கு நாள் ஒன்றுக்கு 700 வீதம் 19,600 ரூபாய். அதில் பத்து நாள் பலகைக்குப் போன பணம் என்பதால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆறு மாதத்தில் பெரும்பாலும் குறைந்தது. பிள்ளையை ஒக்கலில் ஒரே பக்கம் தூக்கிக்கொண்டு திரிய ஆரம்பித்ததும் திரும்ப வந்தது. கூடவே வெகுநேரம் உட்கார்ந்தால், கணவருடன் இருந்தால், உள்ளே ஒரு பிடிப்பு. எல்லோரும் இடுப்பின் அடித்தளச் சதையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சியைச் செய்யச் சொன்னார்கள். செய்யச் செய்ய வலி கூடியது. திரும்பவும் நாகர்கோவில். கையுறை போட்டு உள்ளே ஒரு விரலால் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சதை தளரவில்லை, முறுக்கிக்கொண்டு கிடக்கிறது, இறுக்காதீர்கள், விடப் பழகுங்கள் என்றார். உள்ளேயே விரலை வைத்து அமுக்கி, மூச்சு விடச் சொல்லி, இளக்கினார். அந்த அம்மா வெளியே செய்ததேதான், இடம்தான் வேறு. ஐந்து முறை போனேன், முறைக்கு 400. கூச்சமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த இரண்டரை வருஷத்தில் நான் செலவழித்ததில் ஒரு ரூபாய்கூட உறுத்தாதது அந்த 2000 மட்டும்தான்.

ஆக, சித்தி மகளே: பெல்ட் வாங்கு, முட்டுகளை ஒட்டி வைத்துப் புரளப் பழகு, பிசியோதெரபிஸ்டைப் பார். காய்ச்சல், உதிரப்போக்கு, ஒரு கால் மட்டும் வீக்கம், மூத்திரம் போக முடியாமை, அடியில் மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் உழிச்சலுக்கு ஆள் தேடாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. உழிச்சலுக்குக் கொடுக்கிற காசு வலிக்குச் சரியான விலை என்று என்னால் சொல்ல முடியாது. அந்த அம்மா இப்போது முறைக்கு 900 ஆக்கிவிட்டார் வேறு.

நம்பர் அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை காலை மட்டும் கூப்பிடாதே, அன்றைக்கு நான் சொல்லி வைத்திருக்கிறேன்.