நட்டை இறுக்கிவிட்டுக் கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்: பீங்கான் சிங்க் வடிகட்டி எச்சரிக்கை

ஒரே பீங்கான் சிங்க். மூன்று முறை ‘சரி செய்து’ மூன்று முறையும் கூலி வாங்கியாகிவிட்டது. இன்னமும் அடியில் சொட்டுகிறது. வடிகட்டிக் கூடை உட்காரும் வேஸ்ட் கப்ளிங்கைக் கழற்றிப் பார்த்தால் நிலவரம் இதுதான்: அதன் மேல் விளிம்பைச் சுற்றி வெளியே மட்டும் மெல்லிசாக ஒரு சிலிகான் கோடு, விளிம்புக்கு அடியில் ஒன்றுமே இல்லை. கீழே நட்டு ஏறும் திருகு மரையில் ஆறேழு சுற்று டெஃப்லான் டேப். ரப்பர் வாஷருக்கும் நட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய வழுக்கு வளையம் காணோம். அதனால் வாஷர் நட்டோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் பிதுங்கி நிற்கிறது. துளையோரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்.

இதில் டேப் சுற்றியதுதான் வேடிக்கை. அந்த மரை இழுத்துப் பிடிப்பதற்கு மட்டுமே. நீரை அடைக்கிற வேலை அதற்கு இல்லை. நீரைத் தடுப்பது மேலே, விளிம்புக்கும் பீங்கானுக்கும் நடுவில் இருக்கிற பிளம்பர் புட்டியோ (களிமண் போல உருட்டி வைக்கும் அடைப்புப் பசை) சிலிகானோதான். அங்கே இடைவெளி இருந்தால் தண்ணீர் விளிம்புக்கடியில் நுழைந்து, கப்ளிங்கின் வெளிப்பக்கமாகவே மரை வழியே இறங்கி, நட்டிலிருந்து சொட்டும். பார்ப்பவர்களுக்கு நட்டுதான் குற்றவாளி. வந்தவர் அதை இன்னும் அரைச் சுற்று இறுக்குவார், இரண்டு நாள் சொட்டு குறையும், பிறகு பழைய கதை. ஓட்டை மேலே, வைத்தியம் கீழே.

பீங்கான் சூளையில் சுடப்படும்போது கொஞ்சம் கோணிக்கொள்வது சகஜம். துளையைச் சுற்றிய பள்ளம் ஒரு பக்கம் மேடாக இருக்கும், மெருகும் சில இடங்களில் தடித்துக் கிடக்கும். இறுக்கி இறுக்கி இந்த மேட்டைச் சமன் செய்ய முடியாது. பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், வளைப்பதைத் தாங்காது. முழு இழுப்பும் ஒரே மேட்டில் விழுந்தால் அங்கேதான் விரிசல் விடும். மேட்டை கிரைண்டரால் தேய்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே நிறுத்துங்கள். மெருகு போன இடம் கறை பிடிக்கும், ஓரம் பெயரும்.

ஒழுங்காகச் செய்பவர் முதலில் எதையும் பூசாமல் கப்ளிங்கை வைத்து விரலால் எதிரெதிர் பக்கங்களை அழுத்துவார். ஆடுகிறதா? ஆடினால், சாதாரண எழுதுதாளைத் துண்டுகளாக மடித்து விளிம்புக்கடியில் நுழைத்துப் பார்க்க வேண்டும். பத்துத் தாள் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளி அந்த அளவுக்குள் இருந்தால் பென்சில் தடிமனுக்கு உருட்டிய பிளம்பர் புட்டி போதும். அதற்கு மேல் என்றால் சிலிகான்தான் நல்லது. புட்டி காலப்போக்கில் காய்ந்து சுருங்கும், சிலிகான் ரப்பராக நிற்கும். பழைய பூச்சைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே வைக்க வேண்டும். ஈரத்தின் மேல் வைத்தால் பிடிக்காது, இதில் சமரசமே கிடையாது.

சிலிகானைத் துளையைச் சுற்றி விடாமல் ஒரே வளையமாக வைத்து, பள்ளமான பக்கத்தில் மட்டும் இரண்டாவது வளையம் சேர்க்கலாம். கீழே வரிசை இப்படி: சிங்க்கை ஒட்டி ரப்பர் வாஷர், அதன்பின் அட்டை அல்லது பிளாஸ்டிக் வழுக்கு வளையம், கடைசியாக நட்டு. சிங்க்கின் அடிப்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் தடித்த வாஷர் வேண்டும். மேலிருந்து ஒருவர் கப்ளிங் சுழலாமல் பிடித்துக்கொள்ள, கையால் மட்டும் இறுக்கவும். சுற்றிலும் சீராகச் சிலிகான் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் விளிம்புக்கடியில் கொஞ்சம் சிலிகான் மிஞ்சும். முழுக்கப் பிழிந்துவிட்டால் அடைக்க ஒன்றும் இருக்காது. குறைந்தது 24 மணி நேரம், தடித்துப் பூசியிருந்தால் இரண்டு நாள் காத்திருந்து, பிறகு நட்டை இன்னும் ஒரு கால் சுற்று மட்டும் இறுக்க வேண்டும். பூசிய அரை மணியில் தண்ணீர் திறந்து காட்டுபவர் தன் வேலையைத் தானே கெடுக்கிறார்.

அந்த ‘திறந்து காட்டுகிற’ சோதனையிலும் நம்பிக்கை வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீர் விளிம்பின் மேல் நிற்காமல் போய்விடும், சின்ன இடைவெளி தெரியவே தெரியாது. கூடையைத் திருகி அடைத்து, சிங்க்கில் பாதிக்கு மேல் நீர் நிரப்புங்கள். நட்டைத் துணியால் துடைத்துவிட்டு அதைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ தாளைக் கட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். கூடையின் அடைப்பு சரியில்லாமல் நீர் குழாய்க்குள் இறங்கி மட்டம் குறைந்தால் அது வேறு கோளாறு, கலந்து குழம்ப வேண்டாம். தாள் நனைந்திருந்தால் நட்டைத் தொட விடாதீர்கள். கப்ளிங்கைக் கழற்றி, மேலே புதிதாகப் பூசச் சொல்லுங்கள். கூலி அந்தத் தாள் உலர்ந்து வந்த பிறகு.