டிக்கெட்டுக்கு முன்னால் யூனிவர்சிட்டி லெட்டரைக் கேட்கிற மண்ணடி ட்ராவல்ஸ்

சென்னை மண்ணடியில் ட்ராவல்ஸ் ஆபீஸுக்குப் பஞ்சமே இல்லை, அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கம் நடந்தால் உம்ரா, துபாய், சிங்கப்பூர் என்று வரிசையாக போர்டுதான். அத்தனையில் இந்தக் கடைக்கு மட்டும் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், கொரோனா நேரத்தில் எங்கள் அக்கா மகளை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பியபோது இவர்கள் பார்த்த வேலை. இப்போது அவள் தம்பி கிளம்புகிறான், அவனுக்கும் இங்கேதான் டிக்கெட். பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறவர்கள் தைரியமாகப் போகலாம். குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

2021 ஆகஸ்ட். வேறு இரண்டு மூன்று இடங்களில் கேட்டபோது எல்லோரும் முதலில் கேட்டது எந்தத் தேதி, எவ்வளவு பட்ஜெட் என்றுதான். இங்கே கடைக்காரர் பாய் கேட்டது, "யூனிவர்சிட்டி அனுப்பின மெயில் எல்லாம் பிரிண்ட் எடுத்து வந்தீங்களா சார்?" பிரிட்டன் அரசாங்கம் ஊருக்குள் விட்டுவிடும், ஆனால் ஹாஸ்டல் ரூம் திறக்கிற தேதிக்கு முன்னால் போய் இறங்கினால் பிள்ளை எங்கே கொரோனா தனிமையில் இருக்கும் என்றார். அந்த மெயிலில் தனிமை நாட்களை முடித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வர வேண்டும், இந்தத் தேதியிலிருந்து ரூம் தருவோம், தாமதமானால் சில வாரம் ஆன்லைனில் படிக்கலாம் என்றெல்லாம் இருந்தது. பாய் அதைப் பொறுமையாகப் படித்து, வகுப்பு தொடங்குகிற தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து, விமானம் எந்த வாரம் என்று முடிவு செய்தார். டிக்கெட் பேச்சே அதற்கப்புறம்தான்.

அப்போதைய நிலைமை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2021 ஏப்ரல் 23 முதல் பிரிட்டன் இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் வைத்திருந்தது, ஆகஸ்ட் 8-இல்தான் அதைவிடக் கெடுபிடி குறைந்த ஆம்பர் பட்டியலுக்கு மாற்றியது. ஆம்பர் என்றால் தங்குகிற இடத்திலேயே 10 நாள் தனிமை, இரண்டாம் நாளும் எட்டாம் நாளும் எடுக்க வேண்டிய டெஸ்டுக்கு இங்கிருந்தே பணம் கட்டிவிட வேண்டும். சிவப்பு என்றால் அரசு சொல்கிற ஹோட்டலில் சொந்தச் செலவில் 10 நாள். ஆகஸ்ட் 12 முதல் அதற்கு ஒருவருக்கு 2,285 பவுண்டு, அன்றைய ரேட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேல். டிக்கெட் விலை வேறு எகிறிக் கிடந்ததால் கொழும்பு வழியாகப் போனால் குறையுமா என்று கேட்டேன். "அந்தப் பேச்சே வேண்டாம் சார், இலங்கை இன்னும் சிவப்புல இருக்கு, அங்க விமானம் மாறினாலே ஹோட்டல்தான்" என்றார் பாய். வழியில் விமானம் மாறினாலும் அந்த நாட்டுக்குள் போன கணக்குதான் என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? கமிஷன் வந்தால் போதும் என்று போட்டுக் கொடுத்திருந்தால் குடும்பமே கடனில் விழுந்திருக்கும். மும்பை போய் அங்கிருந்து நேராக லண்டன் என்று போட்டுக் கொடுத்தார்.

என்னை ரொம்பக் கவர்ந்தது பேர் சரிபார்த்த விதம். நம் ஊரில் இனிஷியல் பிரச்சினை இருக்கிறதே, வெளிநாடு போகும்போதுதான் அது பூதாகரமாகிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுசாக இருக்கும், ஆதாரில் ஒற்றை எழுத்து இருக்கும், கோவின் தளத்தில் எடுக்கிற தடுப்பூசிச் சான்றிதழில் ஆதாரில் உள்ளபடியே வந்திருக்கும். கவுண்டரில் இருக்கிற அக்கா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை அடியில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். அப்போது கோவினில் பேரை ஒரு தடவைதான் திருத்தலாம் என்பதால் எங்கள் பிள்ளையை விட்டே வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அப்புறம்தான் பொத்தானை அழுத்தினார். பாஸ்போர்ட் எண்ணையும் அப்போதே சேர்த்துவிட்டார். ஆர்டி-பிசிஆர் கொரோனா டெஸ்ட் ரிப்போர்ட் மறுபடி இனிஷியலோடு வந்தபோது பாயே லேபுக்குப் போன் போட்டு, அன்று ராத்திரியே திருத்தி வாங்கித் தந்தார்.

தடுப்பூசியிலும் அப்படித்தான். கோவிஷீல்டு இரண்டாம் டோஸுக்கு 84 நாள் காத்திருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் படிக்க வெளிநாடு போகிறவர்கள் 28 நாள் கழிந்ததுமே போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு 2021 ஜூன் 7-இல் விதி கொண்டுவந்தது, ஆகஸ்ட் 31 வரைக்கும். அட்மிஷன் லெட்டரைக் காட்ட வேண்டியிருந்தது. இதை எங்களுக்குச் சொன்னதே இந்தக் கடைதான், காகிதங்களையும் செட்டாக எடுத்துக் கொடுத்தார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் கொரோனா டெஸ்ட் எடுக்கிற நாளையும் அவர்களே குறித்தார்கள். வெள்ளிக்கிழமை இங்கிலாந்து விமானம் என்றால் செவ்வாய், புதன், வியாழன் இந்த மூன்றில் ஒரு நாள் எடுத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. சென்னையில் ஏறுகிற நேரத்தை விட்டுவிட்டு, மும்பையில் லண்டன் விமானம் கிளம்புகிற நாளை வைத்துக் கணக்குப் போட்டார் கவுண்டர் அக்கா. பிரிட்டன் அப்போது கேட்ட பயணிகள் விவரப் படிவத்தைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள்தான் நிரப்ப முடிந்தது, அதில் அங்கே எடுக்கப்போகிற டெஸ்டின் புக்கிங் எண்ணைக் கேட்டது, அதனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் பேனாவால் எழுதி ஃபைலின் மேலேயே ஒட்டிவிட்டார்கள். விமானத்தில் என்95 மாஸ்க்கைக் கழற்றாதே, சாப்பாடு வந்தால் பக்கத்து சீட்காரர் சாப்பிட்டு முடித்து மாஸ்க் போட்ட பிறகு நீ சாப்பிடு என்று கவுண்டர் அக்கா சொல்லி அனுப்பியதைப் பிள்ளை அப்படியே செய்தாள்.

சரி, குறைகள். போனை எடுக்கவே மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் சாயங்காலம் பதில் வரும். பிள்ளையைத் தனியாக அனுப்புகிற வீட்டில் அந்த அரை நாள் எவ்வளவு பெரிய அரை நாள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இன்னொன்று, யூனிவர்சிட்டி ரூம் தேதியைத் தள்ளிப் போட்டபோது டிக்கெட்டை மாற்ற வேண்டி வந்தது. விமானக் கம்பெனி அதற்குப் பணம் கேட்கவில்லை, ஆனால் இவர்கள் சர்வீஸ் சார்ஜ் எடுத்துக்கொண்டார்கள். உழைப்புக்குக் காசு வாங்குவது நியாயம்தான், அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவள் தம்பிக்குப் போட்டபோது முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன், நீங்களும் கேளுங்கள்.

பிரிட்டன் 2022 மார்ச் 18-ஆம் தேதியோடு கொரோனா பயண விதிகளை எல்லாம் எடுத்துவிட்டது. ஆனாலும் கடையின் வழக்கம் மாறவில்லை. தம்பிக்கு ஆறு மாதத்துக்கு மேல் விசா என்பதால் காசநோய் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட கிளினிக்கில் எடுத்ததுதான் செல்லும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அமெரிக்கா போகிற பையன் ஒருவனிடம், உன் யூனிவர்சிட்டி தட்டம்மை ஊசிக்கு ரெக்கார்டு கேட்குதா பார் என்று அக்கா விசாரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்குச் சாத்தியிருப்பார்கள், மற்ற நாள் சாயங்காலம் போனால் பாயும் அக்காவும் இரண்டு பேருமே இருப்பார்கள். மாடிப்படி குறுகல், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பைக் நிறுத்த இடம் கிடைக்காது, மண்ணடி மெட்ரோவில் இறங்கினால் நடந்து போகிற தூரம்தான்.