மீத்தேனை எரிப்பதா, நுண்ணுயிருக்குக் கொடுப்பதா?

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் தட்டைத் திருப்பி வைக்கும்போது மிச்சச் சோறும் மீன்முள்ளும் கண்ணில் படும். அதைக் காற்றுப் புகாமல் மூடி மட்க விட்டால் மீத்தேன் என்ற எரியும் வாயு வரும். அந்த வாயுவை மின்சாரமாக்க இரண்டு வழி.

எரிக்கலாம். சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, அதுவும் பெரும்பாலும் மீத்தேன்தான், அதனால் இது பழகிய பாதை. ஆனால் கழிவு வாயுவை எஞ்சினில் எரித்தால் பாதிக்கு மேல் வெப்பமாகவே போய்விடும்.

எனக்குப் பிடித்தது மற்றது. மெத்தனோபெரிடன்ஸ் என்ற நுண்ணுயிர், ஆக்சிஜனே இல்லாத இடத்தில் ஒரு மீத்தேன் மூலக்கூற்றை உடைத்து 8 எலக்ட்ரான்களை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் மின்முனைக்குத் தள்ளிவிடுகிறது, தீயே இல்லாமல்! நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 31 விழுக்காடு மீத்தேன் மின்சாரமானது.

சரி, கார்பன் டை ஆக்சைடு? இரண்டிலும் வரும். இந்த நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்பவை, கிடைக்கும் மின்னோட்டமும் சிறியது. இன்றைக்குப் பெரிய ஆலைக்கு எஞ்சின்தான். ஆனால் எரிக்க முடியாத அளவு குறைவாகக் கழிவுநீரில் கரைந்து, வீணாகக் காற்றில் கலக்கும் மீத்தேனை இவற்றிடம்தான் கொடுக்க வேண்டும்.