லோ விஷன் ஆப்டோமெட்ரிஸ்டிடம் ஐந்து வருடம்

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு கண்ணிலும் ஸ்டார்கார்ட். நடுப்பார்வை தேய்ந்துகொண்டே போகும் பரம்பரை நோய். சுற்றிலும் தெரியும், உற்றுப் பார்க்கிற இடம் மட்டும் அழிந்து நிற்கும். எதிரே வருகிறவரின் செருப்பு தெரியும், முகம் தெரியாது. கண்ணாடி போட்டும் 6/60தான். மற்றவர்கள் 60 மீட்டர் தள்ளி நின்று படிக்கிற எழுத்தை நான் 6 மீட்டருக்கு வந்து படிக்க வேண்டும்.

நோயைக் கண்டுபிடித்த டாக்டர், "இதுக்கு மருந்து இல்லை, ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க" என்றார். பொய்யில்லை. மூன்று வருடம் காட்டினேன். கடைசியில் அங்கே பவர் பார்க்கிற பெண்தான் வராந்தா வரை பின்னால் வந்து, திருநெல்வேலியில் லோ விஷனுக்கென்றே, அதாவது கண்ணாடி போட்டும் தேறாத குறைபார்வைக்கென்றே, ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவர்) இருக்கிறார் என்று சொல்லி, விலாசத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அதை எனக்குப் படிக்க முடியவில்லை. தக்கலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்தான் வாசித்துச் சொன்னார்.

போன முதல் நாள் அவர் அரைமணி நேரத்துக்கு எழுத்து சார்ட் பக்கமே போகவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து எதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். "கண்ணு தெரியணும் சார்" என்றுதான் முதலில் சொன்னேன். விடவில்லை. பிறகு மூன்று வந்தது: எலக்ட்ரானிக் தராசில் 3க்கும் 8க்கும் வித்தியாசம், பேரேடு, பஸ் போர்டு.

சோதனையும் வேறு மாதிரி. சுவரில் தொங்குகிற சார்ட்டில் என்னைப் போன்றவர்களுக்கு மேல் வரியோடு கதை முடிந்துவிடும். இவர் பெரிய பெரிய எண்கள் அச்சிட்ட ஒரு புத்தகத்தை 10 அடி தள்ளிப் பிடித்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார். அமெரிக்காவில் வில்லியம் ஃபைன்ப்ளூம் என்ற ஆப்டோமெட்ரிஸ்ட் உருவாக்கியதாம். 'தெரியலை, தெரியலை' என்றே சொல்லிப் பழகிய வாய், வரிசையாக எண்களைச் சொன்னது. அன்றைக்கு அதுவே போதும் போலிருந்தது.

படிக்கிற கண்ணாடிக்குக் கணக்கு எளிது: 60ஐ 6ஆல் வகுத்தால் 10. பிளஸ் 10 பவரில் தொடங்கலாம். அதில் எழுத்து 10 சென்டிமீட்டரில்தான் தெளியும். அவ்வளவு கிட்டத்தில் இரண்டு கண்ணும் உள்ளே வளைந்து திணறாமலிருக்க, பட்டகமும் (பிரிசம்) சேர்த்த அரைக்கண்ணாடி கொடுத்தார். பேரேடு படிக்கலாம், உண்மை. ஆனால் மூக்கால் கோடு போடுவது போலக் குனிய வேண்டும். ஒரு மாதத்தில் கழுத்து போயிற்று. அடுத்த தடவை போனபோது பேரேட்டைச் சாய்த்து வைக்க ஸ்டாண்டும், பக்கவாட்டில் ஒரு எல்இடி விளக்கும் சொன்னார். விளக்கு வந்த பிறகு கண்ணாடி இல்லாமலே தடித்த கறுப்புப் பேனா எழுத்து ஓரளவு தெரிகிறது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

பஸ் போர்டுக்கு 4 மடங்கு பெரிதாக்கும் கைத் தொலைநோக்கி. நின்ற இடத்தில் நின்றுதான் பார்க்கணும். நடந்துகொண்டே பார்த்தால் தூரம் குழம்பி விழ வேண்டியதுதான். மார்த்தாண்டத்தில் ஓடி வருகிற பஸ்ஸை அதன் சின்ன வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் பஸ் போய்விடும். நின்ற பஸ்ஸுக்குப் பிரமாதம். மற்றபடி பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதே வேகம்.

கருவியை விட எனக்கு உதவியது அவர் கொடுத்த பயிற்சி. நேராகப் பார்த்தால் அழிந்துபோகிற இடத்தை விட்டு, கொஞ்சம் மேலே பார்த்தால் எழுத்து கீழே ஓரமாகத் தெரியும். எந்தத் திசையில் பார்த்தால் நல்லது என்று கண்டுபிடித்து, தினமும் 15 நிமிஷம் பழகச் சொன்னார். பழகிவிட்டது. விளைவு, ஆளின் நெற்றிக்கு மேலே பார்த்துப் பேசுகிறேன். "எங்கடே பாக்குத?" என்று முதலாளி இன்னும் திரும்பிப் பார்க்கிறார்.

இன்னொன்று. என் அம்மை, கண்ணுக்கு நல்லதென்று வருடக்கணக்காக மீனெண்ணெய் மாத்திரை தந்துகொண்டிருந்தாள். என்னென்ன சாப்பிடுகிறேன் என்று ஆப்டோமெட்ரிஸ்ட் கேட்டபோதுதான் இது வெளியே வந்தது. ஸ்டார்கார்டில் வைட்டமின் ஏ கூடுதலாகப் போனால் விழித்திரையில் கழிவு சேர்வது அதிகமாகலாம், டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள் என்றார். டாக்டரும் அதையே சொன்னார். அம்மைக்குத்தான் மனசு கேட்கவில்லை. மீன் குழம்புக்குத் தடையில்லை என்று தெரிந்த பிறகு சமாதானமானாள்.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகும், துணைக்கு ஆள் வேண்டும். தோட்டத்து நிழலிலிருந்து ரோட்டு வெயிலுக்கு வந்தால் கண் கூசுவதற்குக் கொடுத்த மஞ்சள் கண்ணாடி வெயிலுக்கு நன்று, மழைக்காலத்தில் சும்மா கிடக்கிறது. மாற்றுத்திறனாளி அட்டையைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 6/18க்குக் கீழே 3/60 வரை குறைபார்வை என்று இருப்பதை நான்தான் தெரிந்துகொண்டு கேட்டேன். கேட்டதும் வேண்டிய தாளெல்லாம் எழுதித் தந்தார்.

ஐந்து வருடத்தில் அதிகம் புழங்கியது காசே ஆகாத சாமான். கறுப்பு அட்டையில் ஒரு வரி அகலத்துக்கு வெட்டிய ஜன்னல். தாளின் மேல் வைத்தால் அந்த ஒரு வரி மட்டும் தெரியும், வெள்ளைத் தாளின் கூச்சம் இருக்காது, வரி தாவாது. அவர் தந்தது ரப்பர் ஒட்டுப்பால் பட்டுப் போயிற்று. இப்போது வைத்திருப்பது மூன்றாவது, மைனி மகன் கல்யாணப் பத்திரிகைக் கவரில் வெட்டியது. அந்தக் கவர் கரும்பச்சை, அதனால் கறுப்பு மார்க்கர் அடித்திருக்கிறேன்.