இண்டோர் பிளே ஏரியா: ஐந்து வயதுக்குச் சரி, இரண்டு வயதுக்கு?

பெரிய நகரத்தில் சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளை ஓட்ட வேண்டும் என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது மால் மாடியில் இருக்கும் இண்டோர் பிளே ஏரியாதான். வெயில் இல்லை, மழை இல்லை, வண்டி குறுக்கே வராது. மணிக்கணக்கில் டிக்கெட், அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ், கையில் ஒரு காகிதப் பட்டை, அப்புறம் உள்ளே விட்டால் பிள்ளை நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எங்கள் வீட்டில் ஐந்து வயதில் ஒருத்தி, இரண்டு வயதில் ஒருவன். இந்த மாதிரி இடங்கள் பலவற்றுக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போய் வந்ததை வைத்துச் சொல்கிறேன்: பெரியவளுக்குப் பத்துக்கு எட்டு கொடுக்கலாம், சின்னவனுக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை.

இரண்டு வயதுப் பிள்ளை விளையாடுவதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். சின்னவன் பந்துக் குளத்தின், அதாவது பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி நிரப்பிய தொட்டியின், ஓரத்தில் உட்காருவான், ஒரு பந்தை எடுப்பான், வலையில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே தள்ளுவான், அது எங்கே உருண்டு போகிறது என்று எட்டிப் பார்ப்பான், அடுத்த பந்தை எடுப்பான். இதையே சலிக்காமல் செய்துகொண்டிருப்பான். அதே குளத்துக்குள் மேலே இருந்து சறுக்கிக்கொண்டு ஒரு எட்டு வயதுப் பையன் வந்து தொப்பென்று விழுவான். பையன் மேல் தப்பே இல்லை. அவன் வயதுக்கு அதுதான் விளையாட்டு, அவன் வீட்டிலும் அதற்குத்தான் காசு கட்டியிருக்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே குளத்தில் விட்டவர்கள் மேல்தான் தப்பு. அதனால் டிக்கெட் எடுக்கும் முன் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்று தடுப்பு போட்ட தனி இடம் இருக்கிறதா, பெரிய பிள்ளைகள் அதைத் தாண்டி வந்தால் "தம்பி, உன் இடம் அந்தப் பக்கம்" என்று சொல்ல ஒரு ஆள் நிற்கிறாரா. போர்டு மட்டும் மாட்டி வைத்திருந்தால் அது கணக்கில் சேராது, எட்டு வயதுக்காரன் போர்டு படிக்க வரவில்லை. வண்ணச் சுவரும் இருபதடி சறுக்குமரமும் எல்லா இடத்திலும் இருக்கும், அந்த ஒரு ஆள்தான் பல இடங்களில் இருக்க மாட்டார்.

பந்துக் குளம் என்றதும் அதன் கதையையும் சொல்லிவிடுகிறேன். இதை உருவாக்கியவர் எரிக் மெக்மில்லன் என்ற வடிவமைப்பாளர், 1976-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள சீவேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்காவில் முதன்முதலாக வைத்தார்கள். சமையலறையில் இருந்த ஊறவைத்த வெங்காய ஜாடியைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று சொல்வார்கள். யோசனை என்னவோ பிரமாதம், ஆனால் அதைக் கழுவுவது யார் என்பதுதான் சிக்கல். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆறு பிசியோதெரபி மையங்களின் பந்துக் குளங்களைச் சோதித்தார்கள், 31 வகை பாக்டீரியா கிடைத்தது. ஒருமுறை சுத்தம் செய்ததற்கும் அடுத்த முறைக்கும் நடுவே நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் இடைவெளி விழுவதுதான் பிரச்சினை என்றார்கள். சிகிச்சை தரும் இடத்திலேயே இந்த லட்சணம். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் கவுன்ட்டரில் "பந்தையெல்லாம் எப்போது கழுவுவீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாள் கிழமை சொல்லிப் பதில் வந்தால் நல்ல இடம். "டெய்லி கிளீனிங்தான் சார்" என்று சிரித்தால், குளத்தின் அடியில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள், ஹேர்கிளிப், ஒற்றை சாக்ஸ், பழைய பிளாஸ்திரி என்று வரிசையாக வரும். எனக்கு வந்தது!

டிராம்போலின் என்ற துள்ளிக் குதிக்கும் விரிப்பில் சின்னவர்களை ஏற்றவே வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க எலும்பியல் மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. ஒரே நேரத்தில் பல பேர் குதிக்கும்போதுதான் காயங்களில் பெரும்பங்கு நடக்கிறது, அதிலும் இருப்பதிலேயே எடை குறைந்த பிள்ளைதான் தூக்கி எறியப்படும். பெரியவளை விடுவதாக இருந்தாலும் ஒரு கட்டத்துக்கு ஒருவர் என்று கறாராக இருக்கும் இடமாகப் பார்த்து, வயது வரம்பையும் கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும்.

இதைவிட முக்கியமானது சறுக்குமரம், ஏனென்றால் இதில் ஆபத்து இருப்பதே பலருக்குத் தெரியாது. குழந்தை தனியாகச் சறுக்கப் பயப்படுகிறது என்று மடியில் வைத்துக்கொண்டு அப்பாவோ அம்மாவோ சறுக்குவதைப் போகும் இடமெல்லாம் பார்க்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நடுவழியில் குழந்தையின் ஷூ ஓரத்தில் மாட்டிக்கொண்டால் கால் அங்கேயே நின்றுவிடும், பெரியவரின் எடை பின்னால் இருந்து தள்ளும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். தனியாகச் சறுக்கினால் அந்த வேகமும் எடையும் இல்லை, கால் மாட்டினாலும் பெரும்பாலும் பிள்ளை நின்றுவிடும் அல்லது திரும்பிவிடும். குழந்தை தானாகச் சறுக்கும் உயரத்துக்கு ஒரு குட்டிச் சறுக்குமரம் இருந்தால் போதும். பயந்தால் அன்றைக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

பெரியவளுக்கு எட்டு மார்க் கொடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. கயிற்று ஏணி, சுரங்கப் பாதை, மூன்று மாடி வலைக்கூடு என்று ஏறி இறங்கி வியர்த்துப்போய் வருவாள். ஒன்று முதல் நான்கு வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தமாக மூன்று மணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஃபிளாட் வாழ்க்கையில் அதற்கு எங்கே போவது? அந்த வகையில் கொடுத்த காசுக்கு மோசம் இல்லை. பெரியவர்கள் உட்காரும் இடத்தில் இருந்து உள்ளே எல்லா மூலையும் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள், சில இடங்களில் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டிருப்பார்கள், யார் யோசனையோ தெரியவில்லை. நேரம் என்றால் வார நாள் காலைதான், பெரிய பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். ஞாயிறு மாலையில் பிறந்தநாள் பார்ட்டிகளும் சேர்ந்துகொண்டால் சந்தைக்கடைதான்.

குழந்தைகளுக்கான அருங்காட்சியகம் உங்கள் ஊரில் இருந்தால் சின்னவனுக்கு நான் அதைத்தான் சொல்வேன். உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் 1899-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் வந்தது. பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் 1960-களில் இயக்குநராக இருந்த மைக்கேல் ஸ்பாக், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவற்றை வெளியே எடுத்து வைத்துத் தொட்டுப் பார்க்கவிட்டார். இப்போது உள்ள நல்ல அருங்காட்சியகங்கள் எல்லாம் அந்த வழியில்தான் போகின்றன: தண்ணீர் மேஜை, கப்பி, பந்து உருளும் குழாய். பந்தை ஓட்டை வழியாகத் தள்ளிவிட்டு எட்டிப் பார்க்கும் ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்? வேகமாக ஓட இடம் இருக்காது, அதனால் பெரியவள் ஒரு மணி நேரத்தில் "போலாமா" என்று ஆரம்பித்துவிடுவாள் என்பது தனிக் கதை.

இலவசமாக வேண்டும் என்றால் நூலகத்தில் கதை நேரம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் மெட்ரோ ரயிலில் கடைசி வரை போய்த் திரும்பி வருவதும் இரண்டு வயதுக்குப் பெரிய சுற்றுலாதான், டிக்கெட் நமக்கு மட்டும் எடுத்தால் போதும் என்கிற ஊர்கள் நிறைய.

கடைசியாக, வருட பாஸ். முதல் நாளே தள்ளுபடி என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒரு வார நாள், ஒரு ஞாயிறு இரண்டும் போய்ப் பார்த்த பிறகு எடுங்கள். பிள்ளைக்கு எந்த வயது வரை உள்ளே அனுமதி என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், பாதி வருடத்தில் பிள்ளை வளர்ந்துவிட்டால் மீதிப் பணம் திரும்ப வராது.