48,500 ரூபாவுக்கு ஒரு மஞ்சள் பட்டி

இன்று காலை யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கம், மகள் கராத்தே பழகின மண்டப வாசலில் போய் நின்றேன். உள்ளே கராத்தே இல்லை. வாங்குமேசை போட்டு ரியூசன் நடக்கிறது. "மாஸ்ரர் போய் மூண்டு கிழமை அக்கா. எங்களுக்கும் ரெண்டு மாச வாடகை தரேல்லை" என்கிறார் மண்டபக்காரர், ஏதோ அதையும் நான்தான் கட்டவேண்டும் என்பதுபோல. 48,500 ரூபா. உலையைக்கூட வைக்காமல் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடவில்லை. போட்டால் மானநட்ட வழக்கு என்று வருவார்கள் என்கிறார் என் கணவர். முகநூலில் "சிறுவர், பெரியோர், பெண்களுக்கான தற்காப்புக் கலை" என்று விளம்பரம் போட்டு, வாடகை மண்டபத்தில் சனி ஞாயிறு வகுப்பு வைக்கிற இடம். மாட்டியவர்களுக்கு விளங்கும்.

மகளுக்கு ஒன்பது வயது. வரிசையில் யாராவது தள்ளினால் பேசாமல் பின்னுக்குப் போய் நிற்கிற பிள்ளை. அதுக்காகத்தான் தேடினேன். வைகாசி மாதம் முதல் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். மாஸ்ரர் என்னோடு முதலில் கதைக்கவே இல்லை. நேரே பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் இருந்து, வெள்ளைப் பட்டியை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு நுனியையும் ஒன்றோடொன்று பிடித்து அளந்து பார்த்து முடிச்சுப் போட்டார். "இண்டையில இருந்து இவ என்ர பிள்ளை" என்றார். மகள் அந்தப் பட்டியை இரவு கழற்றவில்லை. கட்டிக்கொண்டே படுத்தாள். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் கொடுத்தேன்.

பதிவுக்கு 3,000. மாதம் மாதம் என்றால் 3,000, ஒரு வருசத்துக்குச் சேர்த்துக் கட்டினால் மாதம் 2,500 என்றார். சீட்டு எடுத்த காசு கையில் இருந்தது. எண்ணி 30,000 கொடுத்தேன். உடுப்பு அவர்களிடம்தான் வாங்கவேண்டுமாம், அது 6,500. பிறகு கிறேடிங், அதுதான் அடுத்த பட்டிக்கான சோதனை, அதுக்கு 4,000. பிறகு மலேசியாவில் போட்டி, இடம் பிடித்துவைக்க 5,000. கூட்டிப் பாருங்கள். நான் இந்த ஒரு கிழமையில் நூறு தரம் கூட்டிவிட்டேன், 48,500தான் வருகிறது.

பெற்றோர் உள்ளே நிற்கக்கூடாது என்றார்கள். "அம்மா நிண்டா பிள்ளை கூச்சப்படும் அக்கா." நியாயமாகத்தான் பட்டது. ஒருநாள் வெள்ளென ஏற்றப் போனபோது எட்டிப் பார்த்தேன். முப்பது பிள்ளைகள் மண்டபத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். ஏ.எல். படிக்கிற வயசுப் பெடியன் ஒருவன் விசில் ஊதுகிறான். மாஸ்ரர் வெளியில் வானுக்குள் இருந்து போன் கதைக்கிறார். அன்றைக்கே யோசித்திருக்க வேணும். யோசிக்கவில்லை.

ஏழாவது கிழமையே மஞ்சள் பட்டி கொடுத்தார்கள். படம் எடுத்து முகநூலில் போட்டு, கனடாவில் இருக்கிற மச்சாளுக்கும் அனுப்பினேன், வெட்கக்கேடு. ஒன்றரை வருசத்தில் கறுப்புப் பட்டி தான் பொறுப்பு என்றார் மாஸ்ரர். ஒருநாள் ஒலிம்பிக்குக்கும் போவாளாம்.

ஆடி மாதம் மூன்றாம் கிழமையோடு வகுப்பு நின்றது. முதலில் மண்டபத்தில் கலியாணம். அடுத்த கிழமை மாஸ்ரர் கொழும்பில். பிறகு நல்லூர் கொடியேறியது. "பிள்ளையள் எல்லாம் விரதம் அக்கா, தேர் முடியட்டும்." தேர் முடிந்தது, தீர்த்தம் முடிந்தது, பூங்காவனமும் முடிந்தது. முருகன் திரும்பி உள்ளே போய்விட்டார், மாஸ்ரர் வெளியே வரவில்லை. வட்ஸ்அப்பில் கேட்டால் நீலக்கோடு விழுகிறது, பதில் இல்லை. "மிச்சக் காசையாவது தாங்கோ" என்று குழுவில் எழுதினேன். பத்து நிமிசத்தில் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். பதிவு எழுதுகிற பிள்ளைக்கு எடுத்தால், "நான் சும்மா உதவிக்கு நிண்டனான் அக்கா, எனக்குமே சம்பளம் தரேல்லை" என்று அழுகிறது. அதைத் திட்டவும் மனம் வரவில்லை. கடைசியாக மாஸ்ரர் ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "ரசீதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ."

வாசித்தேன். தலைப்பில் கழகத்தின் பெயரும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை. "பெற்ற காரணம்" என்ற இடத்தில் சின்ன எழுத்தில் "நன்கொடை". 30,000 ரூபாவை நான் நன்கொடை கொடுத்தேனாம்! கோயிலுக்கே நான் அவ்வளவு கொடுத்தது கிடையாது.

எங்கள் கந்தோரில் ஷோட்டோகான் என்கிற கராத்தேப் பிரிவைப் பழகிய அண்ணை ஒருவர் இருக்கிறார். இருபது வருசமாகப் பழகுகிறவர். நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து, "பழகினதைச் செய்து காட்டுங்கோ பிள்ளை" என்று மகளிடம் கேட்டார். எங்கள் மாஸ்ரரும் தான் ஷோட்டோகான் என்றுதான் சொன்னவர். மகள் முற்றத்தில் நின்று "ஹெயான் ஷோடான்" என்று கத்திவிட்டுத் தொடங்கினாள். ஷோட்டோகானில் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கிற கத்தா, அதாவது ஒழுங்குமுறையான அசைவுத் தொடர், அதுதானாம், மொத்தம் 21 அசைவு. மகள் ஏழெட்டுச் செய்து, நடுவில் இரண்டு உதையும் உதைத்து நின்றாள். அண்ணை சிரிக்கவில்லை. "இதில உதையே இல்லையம்மா, முழுக்கக் கையாலதான்" என்று மெதுவாகச் சொன்னார். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது.

கியூ என்றால் கறுப்புப் பட்டிக்குக் கீழே உள்ள படியாம். பத்தாம் கியூவில் தொடங்கி முதலாம் கியூ வரை ஏறி, அதற்குப் பிறகுதான் கறுப்புப் பட்டியாம். ஒழுங்காகப் பழகினாலே மூன்று நாலு வருசத்துக்குக் குறையாதாம். கராத்தே ஒலிம்பிக்கில் இருந்ததே ஒரே ஒரு தரம்தான், 2021இல் நடந்த டோக்கியோப் போட்டியில். 2024 பாரிசில் இல்லை, 2028 லொஸ் ஏஞ்சல்சிலும் இல்லை. உடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கோ 6,500?" என்றார். கஸ்தூரியார் வீதியில் விசாரித்தேன். அதே துணி, அதே தையல், 3,200.

நாட்காட்டியில் குறித்த நாட்களை எண்ணினேன். நடந்தது 19 வகுப்பு. வகுப்புக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் விழுகிறது, அதுவும் மண்டபத்தைச் சுற்றி ஓட.

எப்படி நல்ல இடம் தேடுவது என்று விபரமாக எழுதத்தான் நினைத்தேன். ஆறுதலாக எழுத இப்போது முடியவில்லை. மாதக் காசு மட்டும் கட்டுங்கள், வருசக் காசு யார் கேட்டாலும் எழும்பி வாருங்கள். ஒரு முழு வகுப்பை உள்ளே இருந்து பார்க்க விடவில்லை என்றால் பிள்ளையை விடாதீர்கள். மாஸ்ரருக்குப் பட்டி கொடுத்தது யார், எந்தச் சங்கம் என்று கேளுங்கள். சுவரில் தங்க முத்திரையோடு தொங்குகிற சான்றிதழை நம்பவேண்டாம், கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய் விளையாட்டு உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். ரசீதை அங்கேயே நின்று வாசியுங்கள். பெரியவர்களுக்கும் இதுதான். "பெண்கள் தற்காப்பு" என்று பக்கத்து வீட்டு அக்காவிடமும் 9,000 வாங்கிவிட்டு இரண்டே நாள்தான் வகுப்பு வைத்தார்கள்.

1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து நுகர்வோர் அதிகாரசபையில் முறைப்பாடு பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை பொலிசுக்கும் போகிறோம். "நன்கொடை" ரசீது வைத்திருக்கிறவர்கள் அதைப் படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். இதுவரை நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். அந்த முப்பது பிள்ளைகளில் மற்றவர்களின் தாய் தகப்பன் எங்கே?