ஆறு வருஷம், நாலு கேமரா பேட்டரி, ரெண்டு சாவு

கேமரா வாங்கிய புதிதில் எனக்கு இருந்த ஒரே பயம், திடீரென்று படம் எடுக்க வேண்டி வந்தால் பேட்டரி காலியாக இருந்துவிடக் கூடாதே என்பதுதான். அதனால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் நான்கையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஒன்றைக் கேமராவில் போட்டு, மிச்சத்தைப் பைக்குள் திணித்துவிடுவேன். மறுபடி தொட இரண்டு மூன்று மாதம் ஆகும். ரொம்பப் பொறுப்பாக இருப்பதாக நினைப்பு வேறு.

நாலில் இரண்டு கேமராவோடு பொருந்தும் ஒரிஜினல், இரண்டு விலை குறைவென்று வாங்கிய வேறு கம்பெனி. அந்த இரண்டில் ஒன்று முழுச் சார்ஜோடு ஒரு கோடை முழுக்கக் கேமராவுக்குள்ளேயே கிடந்தது. அப்புறம் ஒருநாள் மூடியைத் திறந்து கொக்கியைத் தள்ளினால், வழக்கமாகத் துள்ளி வெளியே எட்டிப் பார்க்கும் பேட்டரி அசையவே இல்லை. கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினேன், ம்ஹூம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கை பரபரத்தது, ஆனால் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் அகலமான டேப்பை அதன் அடியில் அழுத்தி ஒட்டி இழுக்க, ஒவ்வொரு மில்லிமீட்டராக வந்தது. மேசைமேல் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடியது, அவ்வளவு வீக்கம். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட்டேன்.

காரணம் எளிதுதான். லித்தியம் அயான் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்டில் நிற்கும், இந்த வகைப் பேட்டரிக்குள் இரண்டு செல், ஆக 8.4. அந்த உச்சத்தில் வெயிலும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் சிதைந்து வாயு உண்டாகும். வீங்காவிட்டாலும் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

இன்னொன்று நேர் எதிர்ச் சாவு. காலியானதை டிராயரில் போட்டு ஒரு வருஷம் மறந்துபோனேன். சார்ஜரில் வைத்தால் விளக்கு படபடவென்று சிமிட்டியதோடு சரி. வோல்ட்டேஜ் அடிமட்டத்துக்குப் போனதும் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும். வெளியிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்பலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு, நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். அந்த நிலையில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைந்திருக்கலாம், மறுபடி சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

மூன்று வருஷமாக முறையை மாற்றிவிட்டேன். எடுத்து முடித்ததும் சார்ஜ் போடுவதில்லை. பாதிக்குக் கிட்டே, அதாவது 40 முதல் 60 சதவீதம் இருந்தால் அப்படியே விடுவேன், நிறைய மிச்சம் இருந்தால் கேமராவில் பழைய படங்களைப் பார்த்துக் குப்பையை அழித்தே இறக்குவேன் (அந்த வேலையும் முடிந்தமாதிரி ஆச்சு). கேமராவிலிருந்து கட்டாயம் கழற்றிவிடுவேன், அணைத்திருந்தாலும் அது சொட்டுச் சொட்டாக உறிஞ்சும். முனைகளுக்கு மூடி, ஓரத்தில் தேதி எழுதிய காகித டேப், வெயில் படாத அலமாரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பேன். ஃபிரிட்ஜும் ஒருமுறை முயன்றேன், வெளியே எடுத்ததும் வேர்த்துக் கொட்டியது, விட்டுவிட்டேன். கேனான் எல்பி-இ6 பேட்டரியின் மூடியில் பேட்டரி வடிவில் ஒரு ஓட்டை இருக்கும், ஒரு பக்கமாக மாட்டினால் அதில் நீலம் தெரியும், திருப்பி மாட்டினால் தெரியாது. எது சார்ஜ் ஏற்றியது என்று குழம்பவே வேண்டாம்.

இடைஞ்சல் இல்லாமல் இல்லை. ஒருமுறை அவசரமாகக் கூப்பிட்டார்கள், கையில் இருந்ததெல்லாம் அரைச் சார்ஜ். ரெண்டு அரை சேர்ந்தால் ஒரு முழு என்று சமாளித்தேன்.

முழுசாகக் காலி செய்துவிட்டுத்தான் சார்ஜ் போடவேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு, இதற்குப் பொருந்தாது. ஃபிளாஷில் போடும் டபுள் ஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வேறு ஜாதி. 2005-இல் எனெலூப் என்ற பிராண்டு வந்த பிறகு கிடைக்கும், சும்மா வைத்தாலும் சார்ஜ் மெதுவாகவே குறையும் வகையை முழுச் சார்ஜிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான்கை ஒரே செட்டாக எழுத்துப் போட்டு வையுங்கள், நடுவில் ஒரு சோப்ளாங்கி கலந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதைத் தலைகீழாக ஓட்டிக் கொன்றுவிடும்.

ஒரிஜினல் இரண்டும் இன்னும் ஓடுகின்றன. கேமரா மெனுவில் ரீசார்ஜ் திறன் பார்த்தால் ஒன்றுக்கு மூன்று பச்சைக் கட்டம் (அதுதான் முழுத் திறன்), மற்றதற்கு இரண்டு. அந்த இரண்டு கட்டம், முதல் மூன்று வருஷத்தில் பெரும்பாலும் கேமராவிலேயே குடியிருந்தது.